அலுமினியத்தின் மீது எதை வீசுவது?

சென்னையின் மேற்கு விளிம்பு உலோகம் தெரிந்த வட்டாரம். ஆவடியில் டாங்கிகள் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் 1960களில் வந்தன. பாடியில் சுந்தரம் கிளேட்டன் அலுமினியத்தை அச்சில் வார்த்தது. ஆவடிக்கு வடக்கே ஏரியை ஒட்டியிருக்கும் கோவில்பதாகை போன்ற ஊர்களில் லேத், மில்லிங், வார்ப்பு எல்லாம் வீட்டில் புழங்கும் சொற்கள். ஒரு பழைய புல்லட்டையோ ஆர்எக்ஸ் 100 பைக்கையோ பிரித்துப் புதுப்பிக்க நினைப்பவருக்கு இந்தப் பக்கத்தில் ஆளும் கிடைக்கும், கருவியும் கிடைக்கும். என்ஜினைக் கழற்றிப் போட்டதும் மெக்கானிக் பெரும்பாலும் சொல்வது இதுதான்: "கேஸை சாண்ட் பிளாஸ்டிங் குடுத்துடலாம் சார், புதுசு மாதிரி வந்துடும்."

வந்துவிடும், உண்மைதான். அந்தக் கேஸின் மீது எந்தக் குருணையை வீசப்போகிறார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்காமல் விட்டதால் அழகாக வெளுத்து வந்த என்ஜின்கள் சில நூறு கிலோமீட்டரில் பேரிங் சத்தம் போட்டுத் திரும்பி வந்திருக்கின்றன. குருணையைத் தேர்ந்தெடுக்கும்போது அது எவ்வளவு அழுக்கை எடுக்கும் என்பதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். வேலை முடிந்தபின் அது எங்கே தங்கும் என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

அமெரிக்கரான பெஞ்சமின் சூ டில்மன் மணலை வேகமாக வீசி கல்லையும் கண்ணாடியையும் செதுக்கும் முறைக்கு 1870-இல் காப்புரிமை பெற்றார். நூற்றைம்பது ஆண்டுகள் கடந்தும் அடிப்படை மாறவில்லை. கம்ப்ரசரிலிருந்து வரும் காற்று குருணையை இழுத்து, நாசில் வழியே பொருளின் மீது வீசுகிறது. மாறியதெல்லாம் வீசப்படும் பொருள்தான்.

திருவொற்றியூரில் பிறந்த பழைய புல்லட்டின் சிலிண்டர் வார்ப்பிரும்பு. கிராங்க் கேஸும் ஹெட்டும் பக்கவாட்டு மூடிகளும் அலுமினியம். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் டால்க் 1, வைரம் 10. அதில் அலுமினியத்தின் இடம் 3-க்கும் கீழே. ஆற்று மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. அதாவது கையில் கிடைக்கும் ஏறத்தாழ எந்தக் குருணையும் அலுமினியத்தைவிடக் கடினமானது. காற்று பட்டவுடன் அலுமினியம் தன்மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்கிறது. தடிமன் சில நானோமீட்டர்தான், ஆனாலும் உலோகத்தை அரிப்பிலிருந்து காப்பது அதுதான். கடலோரக் காற்றின் உப்பும் தேங்கிய ஈரமும் அந்தத் தோலை அங்கங்கே துளைக்கும்போது பூத்து வருவதுதான் பழைய என்ஜின்களில் நாம் பார்க்கும் வெள்ளைப் பொடி. பட்டறையில் விற்கும் பழுப்பு நிற அலுமினியம் ஆக்சைடு குருணையும் வேதியியலில் அந்தத் தோலின் உறவுதான். பாக்சைட்டை மின் உலையில் உருக்கி, உறையவைத்து, உடைத்து எடுக்கிறார்கள். படிகமாக இருப்பதால் அதன் கடினம் 9.

கடினத்துக்கு அடுத்தது எடை. ஒரு துகள் கொண்டுவரும் ஆற்றல் அதன் நிறையோடும் வேகத்தின் இருமடியோடும் உயர்கிறது. துகளின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் நிறை எட்டு மடங்காகும். கண்ணாடி மணியை எடுத்துக்கொள்ளுங்கள். 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள மணிகள் ஒரு கிலோவில் ஏறக்குறைய 76 கோடி இருக்கும். 0.2 மில்லிமீட்டர் என்றால் 9.5 கோடிதான். பெரிய மணிகள் ஒவ்வொன்றும் பலமாக அடிக்கும், ஆனால் குறைவான இடங்களில் அடிக்கும். சிறிய மணிகள் மெதுவாக, எல்லா மூலையிலும் அடிக்கும். அழுக்கு கனமாக இருக்கிறது என்று பெரிய குருணைக்குப் போகிறவர்கள், ஃபின்களுக்கு நடுவே இருக்கும் அழுக்கு அப்படியே நிற்பதைப் பார்த்துவிட்டு அழுத்தத்தைக் கூட்டுகிறார்கள். வேலை கெடுவது அங்கேதான் தொடங்குகிறது.

மூன்றாவது விஷயம் கோணம். இதை அறிவியல் ரீதியாக விளக்கியவர் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பணியாற்றிய இயன் ஃபின்னி. துகள்கள் மோதி உலோகம் தேய்வதைப் பற்றி 1960-இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் இத்துறையின் அடித்தளம். அலுமினியம் போல வளைந்து கொடுக்கும் உலோகத்தைக் கூரிய துகள் மிக அதிகமாகச் சீவுவது சாய்வாக, 15 முதல் 30 பாகை அளவில் வந்து படும்போது. கண்ணாடி போல நொறுங்கும் பொருள் நேராக, 90 பாகையில் அடிபடும்போது அதிகம் உடைகிறது. காய்ந்த பெயின்ட்டும் கருகிய கார்பனும் வெள்ளைப் பொடியும் நொறுங்கும் இனம். ஆகவே நாசிலை நிமிர்த்திப் பிடித்தால் அழுக்கு உடையும், உலோகம் பிழைக்கும். படுக்கவைத்துப் பிடித்தால் உலோகம் சீவப்படும். முழுக்க நேராகப் பிடித்தால் திரும்பி எகிறும் துகள்கள் வரும் துகள்களோடு மோதி வேகத்தைக் குறைத்துவிடும் என்பதால், அனுபவமுள்ளவர்கள் 60 பாகையை ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். நான் பார்த்த நல்ல ஆட்கள் யாரும் ஃபின்னியைப் படித்தவர்கள் இல்லை. கை சொல்லிக்கொடுத்த கோணம் அது.

இனி குருணைகளுக்கு வருவோம். அலுமினியம் ஆக்சைடு வேகமாக வேலை முடிக்கும், ஆனால் மேற்பரப்பைக் கீறி மங்கலான சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவந்துவிடும். அந்தச் சொரசொரப்பில் அடுத்த மழைக்காலத்தின் அழுக்கு முதலில் வந்து உட்காரும். பெயின்ட்டோ பவுடர் கோட்டிங்கோ பூசப்போகும் வீல், ஸ்டாண்ட் போன்ற பாகங்களுக்கு அது சரி, பூச்சு பற்றிக்கொள்ளப் பிடிமானம் கிடைக்கும். வெறும் உலோகமாகத் தெரிய வேண்டிய என்ஜின் மூடிக்கு அது வேண்டாம். கார்னெட்டும் இதே வகை, கொஞ்சம் சாந்தமானது. நவரத்தினத்தில் ஒன்றான கோமேதகம் இந்தக் கனிமக் குடும்பத்தைச் சேர்ந்தது. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி கடற்கரைகளின் சிவந்த மணலில் அது ஏராளம். அங்கே தாது மணல் அள்ளுவதற்குத் தமிழக அரசு 2013-இல் தடை விதித்தது. நம் கரையின் பொருள்தான் என்றாலும், என்ஜினின் மேல்முகத்துக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். சேஸிஸுக்கு அது போதும், நன்றாகவும் இருக்கும்.

இரும்புக் குருணை, எஃகுக் குண்டு பக்கமே போகக்கூடாது. எஃகின் அடர்த்தி கண்ணாடியைப் போல மூன்று மடங்கு. அடி பலமாக இருக்கும் என்பது சின்னக் குறை. மென்மையான அலுமினியத்துக்குள் இரும்புத் துணுக்குகள் புதைந்து நின்றுவிடும் என்பதுதான் பெரிய கேடு. இரண்டு வேறு உலோகங்கள், நடுவே சென்னையின் ஈரக் காற்று: சின்னஞ்சிறு பேட்டரிகள் ஆயிரக்கணக்கில் உருவாகிவிடும். அதில் அரிபடுவது அலுமினியம். சில வாரங்களில் வெள்ளிபோல் இருந்த கேஸில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். எஃகை வாங்கவே தேவையில்லை, இந்தக் கேடு வேறு வழியிலும் வரும். பவுடர் கோட்டிங் கடைகளில் நேற்று துருப்பிடித்த சேஸிஸை அடித்த அதே கேபினெட்டில், அதே குருணையில் இன்று உங்கள் ஹெட்டை அடித்தால் முடிவு அதேதான். கூடவே ஒரு ஆபத்தும் உண்டு. நுண்ணிய அலுமினியத் தூசியும் இரும்புத் துருவும் சேர்ந்தால் அது தெர்மைட், ரயில் தண்டவாளங்களை உருக்கி இணைக்கப் பயன்படும் கலவை. தூசி சேரும் பையில் அந்தக் கலவை குவிவதும் பக்கத்தில் கிரைண்டர் பொறி பறப்பதும் நல்லதற்கில்லை. அலுமினியத்துக்கென்று தனிக் கேபினெட் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பெரும்பாலான புதுப்பிப்பாளர்கள் நம்பும் பொருள் கண்ணாடி மணி, பட்டறை வழக்கில் கிளாஸ் பீட். உருண்டையானது, கூர்முனை இல்லாதது, கடினம் 6-ஐ ஒட்டி. இது சீவுவதில்லை, தட்டுகிறது. பித்தளைக் குடத்தைக் கன்னார் சுத்தியலால் தட்டித் தட்டி இறுக்குவதைப் போல, ஒவ்வொரு மணியும் ஒரு நுண்ணிய குழியைப் பதித்து மேல்தோலை அமுக்குகிறது. அமுங்கிய தோலில் விரிசல் எளிதில் தொடங்காது. ஸ்பிரிங்குகளையும் கியர்களையும் குண்டு வீசி உறுதிப்படுத்தும் முறைக்கு இதே இயற்பியல்தான். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஜான் ஆல்மென் 1940களில் அந்த அடியின் வலுவை அளக்க ஒரு வழி கண்டார். மெல்லிய எஃகுப் பட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் அடித்து, அது எவ்வளவு வளைகிறது என்று பார்ப்பது. அந்த வளைவே ஓர் எச்சரிக்கையும் கூட: தகடாக இருக்கும் அலுமினிய மட்கார்டை ஒரே பக்கம் ஓங்கி அடித்தால் அதுவும் அப்படித்தான் வளையும். வார்ப்பாக இருக்கும் கேஸுக்கு அந்தப் பயம் குறைவு.

கிளாஸ் பீடுக்கு 40 முதல் 60 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். அதற்கு மேலே போகப் போக மணிகள் மோதும்போதே உடைகின்றன. உடைந்த மணி மணியே இல்லை, கண்ணாடிச் சில்லு. தட்டுவதற்காக வாங்கிய பொருள் கீறத் தொடங்கும். பல நாள் மாற்றாத குருணையால் அடித்த கேஸ் ஏன் பட்டுப்போல இல்லாமல் சுண்ணாம்பு பூசியதுபோல மங்கிப்போகிறது என்பதற்குக் காரணம் இதுவே. மலிவாக அடித்துத் தரும் கடையில் மலிவு எங்கிருந்து வருகிறது என்பதையும் இதிலிருந்து ஊகிக்கலாம்.

இனி, தங்கும் குருணை. வார்ப்பு அலுமினியத்தில் நுண்துளைகள் உண்டு. கிராங்க் கேஸில் ஆயில் போகும் குறுகிய வழிகளும் மரைத்துளைகளும் உண்டு. பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளங்கள் உண்டு. 0.1 மில்லிமீட்டர் மணிக்கு இவை எல்லாம் பெரிய வாசல்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, காற்றடித்துக் காயவைத்ததும் எல்லாம் போய்விட்டதுபோலத் தெரியும். என்ஜின் சூடாகும்போது அலுமினியம் கண்ணாடியைவிட இரண்டு மடங்குக்கு மேல் விரிகிறது. ஒவ்வொரு ஓட்டத்திலும் விரிந்து சுருங்கி, அதிர்ந்து, சூடான ஆயிலில் ஊறும்போது மூலையில் சிக்கியிருந்த மணியின் பிடி தளர்கிறது. பிறகு அது ஆயிலோடு பயணம் போகிறது. பேரிங்கில் உலோகத்தையும் உலோகத்தையும் பிரித்து வைத்திருக்கும் ஆயில் படலத்தின் தடிமன் சில மைக்ரான், உருளை பேரிங்குகளில் அதற்கும் குறைவு. 100 மைக்ரான் மணி அங்கே வந்து நசுங்கிச் சில்லானால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

எனவே உள்பக்கம் ஆயிலைத் தொடும் எந்தப் பாகத்துக்கும், பிஸ்டனுக்கும், கார்பரேட்டருக்கும் கிளாஸ் பீட் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். வெளிப்பக்கம் மட்டும் அடிப்பதானால் கேஸின் இரண்டு பாதிகளையும் பழைய கேஸ்கெட்டோடு சேர்த்து போல்ட் போட்டு மூடி, எல்லாத் துளைகளையும் ரப்பர் அடைப்பால் அடைத்து, மரைகளில் பழைய ஸ்க்ரூக்களை முறுக்கி வைத்துவிட்டு அடிக்கலாம். கேஸ்கெட் உட்காரும் தளத்தில் ஒரு மணிகூடப் படக்கூடாது. அந்தத் தளம் சொரசொரத்தால் ஆயில் கசியும், புல்லட்காரர்களுக்கு அந்தக் கவலை ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

உள்பக்கத்துக்கு விடை சமையலறையில் இருக்கிறது. சோடியம் பைகார்பனேட், நம் ஆப்ப சோடா. கடினம் 2.5 அளவில், அதாவது அலுமினியத்தைவிடச் சற்று மென்மை. மோதும் கணத்திலேயே படிகம் நொறுங்கி, அந்த நொறுங்கலின் ஆற்றலில் எண்ணெய்க் கரியையும் வார்னிஷையும் பெயர்த்தெடுக்கிறது. உலோகத்தில் கீறல் விழுவதில்லை. நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலையை 1980களில் புதுப்பித்தபோது, உள்பக்கச் செம்புத் தகட்டில் படிந்திருந்த தாரை அகற்ற இதைத்தான் வீசினார்கள். மணல் வீசியிருந்தால் மெல்லிய செம்பு தேய்ந்திருக்கும். என் கண்ணில் சோடாவின் பெருமை வேறொன்று: அது தண்ணீரில் கரையும். எந்தத் துளையில் தங்கியிருந்தாலும் வெந்நீர் விட்டு நன்றாக அலசினால் போய்விடும். பதிந்த வெள்ளைப் பொடியை அது முழுதாக எடுக்காது, பளபளப்பும் தராது. அதை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். பிளாஸ்டிங்குக்கென்று விற்கும் சோடா, மளிகைக்கடைப் பொடியைவிடப் பருமனான குருணை. பெயரில் சோடா இருக்கிறதே என்று காஸ்டிக் சோடாவில் பாகத்தை ஊறப்போடும் கொடுமையையும் சில இடங்களில் செய்கிறார்கள். அது அலுமினியத்தையே கரைத்து ஹைட்ரஜனைக் கொப்புளிக்கும்.

கார்பன் மட்டும் படிந்த வால்வுத் தொண்டைக்கு வால்நட் ஓட்டுத் தூள் நல்லது. பெயின்ட்டை மட்டும் உரிக்க பிளாஸ்டிக் குருணை உண்டு. அமெரிக்க விமானப்படை விமானங்களின் அலுமினியத் தோல் கெடாமல் வண்ணம் நீக்க 1980களில் அதைக் கொண்டுவந்தது. நம் பக்கத்துப் பட்டறைகளில் இரண்டும் எளிதில் கிடைப்பதில்லை.

வெளித்தோற்றத்துக்கு இன்று மிகச் சிறந்த வழி ஈர முறை, வேப்பர் பிளாஸ்டிங். கண்ணாடி மணியைத் தண்ணீரோடு கலந்து காற்றில் வீசுகிறார்கள். தண்ணீர் மோதலை மெத்தென்று ஆக்குகிறது, அழுக்கை உடனே கழுவிக்கொண்டு போகிறது, தூசி எழவிடுவதில்லை. வார்ப்பிலிருந்து புதிதாக வந்ததுபோன்ற மெல்லிய ஒளி கிடைக்கிறது. இங்கும் வீசுவது கண்ணாடிதான், ஆகவே அடைப்பும் அலசலும் அப்படியே பொருந்தும்.

எந்த உலர் முறைக்கும் சென்னையில் ஒரு தனி எதிரி இருக்கிறது. 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். நம் ஊர்க் காற்றில் சாதாரணமாகவே 23 கிராம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 8 கனமீட்டர் காற்றை அமுக்கி ஒரு கனமீட்டராக்கும்போது 184 கிராம் நீராவி ஒரு கனமீட்டரில் சேர்கிறது. ஆறியதும் 30 போக மீதி 150 கிராமுக்கு மேல் தண்ணீராகக் கொட்டியே ஆக வேண்டும். 3 மில்லிமீட்டர் வாயுள்ள சின்ன நாசில்கூட 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் கால் மணி நேரத்தில் ஏறக்குறைய அவ்வளவு காற்றைக் குடிக்கும். அந்தத் தண்ணீர் குழாயில் போய்க் குருணையைக் கட்டியாக்குவதால்தான் ஐப்பசி, கார்த்திகையில் வேலை இழுத்துக்கொண்டே போகிறது. டாங்க்கின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடிப்பதும் நல்ல நீர்ப்பிரிப்பான் வைப்பதும் குருணையின் தரத்துக்குச் சமமான விஷயங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு பாகத்தை கேபினெட்டுக்குள் வைப்பதும் அதே பிழைதான். முதலில் டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவி, சோப்பு போட்டு, முழுக்கக் காயவைக்க வேண்டும்.

மணலைப் பற்றி இவ்வளவு நேரம் பேசாமல் வைத்திருந்ததற்குக் காரணம், அதன் கேடு என்ஜினோடு நிற்பதில்லை. குவார்ட்ஸ் மணல் உலோகத்தில் மோதி உடையும்போது 5 மைக்ரானுக்கும் சிறிய தூள் உண்டாகிறது. தலைமுடி அதைப்போல பத்து மடங்குக்கு மேல் தடிமன். இந்தத் தூள் கண்ணுக்குத் தெரியாமல் நெடுநேரம் மிதந்து நுரையீரலின் கடைசி அறைவரை போகிறது. அதை விழுங்கவரும் தற்காப்பு செல்கள் செத்துவிழ, அந்த இடம் தழும்பாக இறுகுகிறது. இதுதான் சிலிகோசிஸ். குணப்படுத்த மருந்து கிடையாது, காசநோயையும் சேர்த்தே கூட்டிவரும். வார்ப்புகளை மணல் வீசிச் சுத்தம் செய்வதற்கு எதிராக பிரிட்டன் 1949-இலேயே விதி வகுத்தது. அமெரிக்காவின் தொழில் நல ஆய்வு நிறுவனமான நியோஷ் 1974-இல் மணல் வீச்சைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. ஜீன்ஸ் துணியை வெளுக்க மணல் வீசிய இளைஞர்கள் சாகத் தொடங்கியதும் துருக்கி 2009-இல் அதைத் தடைசெய்தது. கண்ணாடியிலும் முக்கால் பங்குக்கு அருகே சிலிகாதான், ஆனால் அது படிகமாக இல்லை. படிக வடிவம்தான் நுரையீரலை இப்படித் தின்கிறது. அதற்காகக் கண்ணாடித் தூசியைத் தாராளமாக மூச்சில் இழுக்கலாம் என்று பொருளில்லை.

இந்தியாவில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சிலிகோசிஸை அரசுக்கு அறிவித்தே தீர வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. அதே சட்டம், மின்சாரத்தோடு இயங்கினாலும் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் பட்டறையைப் பொதுவாகத் தொழிற்சாலையாகக் கணக்கில் எடுக்கவில்லை. நாம் கேஸைக் கொடுக்கும் இடம் பெரும்பாலும் மூன்று நான்கு பேர் வேலை பார்க்கும் கூரைக் கொட்டகை. முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு திறந்த வெளியில் மணலடிக்கும் அந்தப் பையனை எந்தப் பதிவேடும் கணக்கில் வைத்திருக்காது. கைக்குட்டையின் இழைகளுக்கு நடுவே 5 மைக்ரான் தூள் தடையின்றிப் போகும்.

பாகத்தைக் கொடுக்கும் முன் கடைக்காரரிடம் கேளுங்கள்: என்ன குருணை, மூடிய கேபினெட் உண்டா, தூசியை உறிஞ்சும் வசதி உண்டா, இதே குருணையில் இரும்பு அடித்தீர்களா. ஆற்று மணலோ கடல் மணலோதான் என்று பதில் வந்தால், அவர் எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் கேஸைத் திரும்ப வண்டியில் வைத்துக் கட்டுங்கள். ஏன் எடுத்துப் போகிறீர்கள் என்பதை அங்கே வேலை செய்யும் பையனிடமும் சொல்லிவிட்டு வாருங்கள்.